பார்ட்டோகிராமில் நிரம்பிய கட்டங்களை எண்ணாதீர்கள்: மகப்பேற்று விடுதிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள அரச, தனியார் வைத்தியசாலைகளின் மகப்பேற்று விடுதிப் பொறுப்பாளர்களுக்கும், பிரசவப் பதிவுகளை ஆய்வு செய்யும் குழுக்களுக்கும்

மதிப்புக்குரியீர்,

பிரசவ அறைப் பதிவுகள் ஆய்வுக்கு வரும்போது பெரும்பாலும் முதலில் பார்க்கப்படுவது பிரசவத்தின் போக்கை நேரத்தோடு குறிக்கும் வரைபடத் தாளான பார்ட்டோகிராமில் எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறது என்பது. இத்தனை வீதம் பூரணம் என்று ஓர் எண் வரும். எண் உயர்ந்தால் விடுதிக்குப் பாராட்டு, இறங்கினால் விளக்கம் கேட்டுக் கடிதம். இந்தக் கணக்கை விட்டுவிடும்படி கேட்கவே இதை எழுதுகிறோம். அதற்குப் பதிலாக, தாளில் எச்சரிக்கை தெரிந்த நேரத்துக்கும் அதற்காக ஏதாவது செய்யப்பட்ட நேரத்துக்கும் இடையில் எத்தனை நிமிடம் போனது என்று எண்ணுங்கள்.

இந்தத் தாள் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும். கருப்பை வாய் விரியும் வேகத்தை மணிக்கணக்கோடு வரைபடமாகப் போட்டுக் காட்டியவர் அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன், ஆண்டு 1954. அதை வேலைக்கு உதவும் கருவியாக மாற்றியவர்கள் பில்பொட், காசல் இருவரும். அன்று சொல்ஸ்பரி, இன்று ஹராரே என்று அழைக்கப்படும் நகரில் வேலை செய்தபோது, 1972 இல் அவர்கள் இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்தார்கள். முதலாவது எச்சரிக்கைக் கோடு. அதைத் தாண்டினால் கிராமத்துச் சிகிச்சை நிலையத்தில் இருக்கும் தாயைப் பெரிய வைத்தியசாலைக்கு ஏற்றியனுப்ப வேண்டும். நான்கு மணித்தியாலம் தள்ளி இரண்டாவது, செயற்பாட்டுக் கோடு. அதைத் தொட்டால் ஒரு தீர்மானம் எடுத்தே ஆகவேண்டும். வண்டி போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட கோடுகள் அவை.

கொழும்பில் அந்தத் தூரம் இல்லை. பொரளையிலிருந்து வார்ட் பிளேஸ் பக்கம் நடந்தாலே மகளிர் வைத்தியசாலை, சிறுவர் வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலை எல்லாம் வந்துவிடும். இங்கே தூரம் கட்டிலுக்கும் தீர்மானத்துக்கும் இடையில்தான். மகப்பேற்று நிபுணரான வி.ஓ.ஜி. கிளினிக்கில் இருப்பார், அவருக்கு அடுத்த டொக்டரான எஸ்.எச்.ஓ. தியேட்டரில் நிற்பார், பயிற்சி டொக்டரான ஹவுஸ் ஒபிசர் புதிதாக வந்தவராக இருப்பார். தாள் அந்த இடைவெளியைக் குறைக்கவில்லை என்றால் அது தாயின் கட்டில் பதிவேடான பி.எச்.டி. கட்டுக்குள் இன்னொரு காகிதம், அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து மூன்றிலும் நடத்தி 1994 இல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 35,484 பெண்கள். 18 மணித்தியாலத்துக்கு மேல் இழுத்த பிரசவங்கள் 6.4 வீதத்திலிருந்து 3.4 வீதமாக இறங்கின. சுருக்கத்தை வலுப்படுத்தும் மருந்தான ஒக்ஸிடோசின் ஏற்றியது 20.7 வீதத்திலிருந்து 9.1 வீதமாக இறங்கியது. ஆனால் அந்த வைத்தியசாலைகளுக்குத் தாள் தனியாகக் கொடுக்கப்படவில்லை. கோட்டைத் தாண்டினால் யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே உடன்பட்ட ஒரு நடைமுறையும் கூடவே போனது. பின்னர் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து, தாளை வைத்தோரையும் வைக்காதோரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. எங்களுக்கு அதில் வியப்பில்லை.

கட்டங்களை எண்ணும் ஆய்வு என்ன விளைவைக் கொண்டுவருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பிள்ளை பிறந்த பிறகு, ஷிப்ட் முடியும் நேரத்தில், மேசையில் உட்கார்ந்து நிரப்பப்படும் தாள்கள். அவற்றைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. குழந்தையின் துடிப்பு 140, 142, 138, 140 என்று நேர்கோட்டில் ஓடும். எல்லாப் பதிவும் சரியாக மணிக்கும் அரை மணிக்கும் விழுந்திருக்கும். கையில் உண்மையாக வேலை இருந்தவரின் தாளில் 2.10 உம் 2.47 உம் இருக்கும். ஆறு மணித்தியாலமும் பத்து நிமிடத்துக்கு மூன்று கருப்பைச் சுருக்கம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கருப்பை வாய் எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே அடிமட்டம் வைத்து இழுத்தது போல 4, 8, முழு விரிவு என்று போகும். எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம். இப்படிப்பட்ட தாளுக்கு நூற்றுக்கு நூறு. உண்மையாக எழுதி நான்கு கட்டத்தை வெறுமையாக விட்டவருக்குக் கடிதம்.

ஏன் வெறுமையாக விடுகிறார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரசவம் வேகமெடுக்கும் நிலையான செயற்பாட்டுக் கட்டத்தில் உள்ள ஒரு தாயை அரை மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். சுருக்கங்களை எண்ணுவதென்றால் வயிற்றின் மேற்பகுதியில் கையை வைத்து முழுதாக 10 நிமிடம் இருக்கவேண்டும். கெட்டிக்காரி என்றால் அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே குழந்தையின் துடிப்பையும் தாயின் நாடியையும் எடுத்துவிடுவார். பேச, எழுத, கை கழுவ இன்னும் 2 நிமிடம். ஆக 12. இரண்டு தாய்மார் என்றால் 24. மூச்சு விட 6 நிமிடம் மிஞ்சும். மூன்று பேர் என்றால் 36 நிமிட வேலையை 30 நிமிடத்துக்குள் செய்யவேண்டும். இதில் உள்பரிசோதனை இல்லை, சலம் கழிக்கக் கூட்டிப்போவது இல்லை, புதிதாக வந்தவரை ஏற்பது இல்லை, தொலைபேசி இல்லை. மூவரில் ஒருவர் முக்கத் தொடங்கிவிட்டால் அந்தக் குழந்தையின் துடிப்பை 5 நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கவேண்டும். அந்தக் கட்டிலை விட்டு நகர முடியாது. மற்ற இருவரின் அடுத்த கட்டங்கள் அந்த நேரத்தில் வெறுமையாக இருந்தால் அது சோம்பல் அல்ல, உண்மை. அங்கே 142 என்று எழுதியிருந்தால்தான் நீங்கள் பயப்படவேண்டும்.

ஆகவே ஒரு சின்ன மாற்றம். பார்க்க முடியாமற்போன கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் காரணத்தை எழுத அனுமதி கொடுங்கள்: '3 பேர், 1 ஆள்' என்று. மாத முடிவில் அந்தக் கோடுகளைக் கூட்டினால் எந்த ஷிப்டுக்கு எத்தனை கை குறைகிறது என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கும். ஆளணி கேட்டு மேலிடத்துக்கு எழுதும்போது இதைவிட வலுவான சான்று வேறு கிடைக்காது.

இனித் தாளில் என்னென்ன தவறுகிறது என்று பார்ப்போம். எல்லாப் பகுதியும் ஒரே அளவு ஆபத்தானது அல்ல. சிலதை விரைவாகவே கடந்துவிடலாம்.

தொடக்கப் புள்ளி முதலாவது. பழைய தாள், கருப்பை வாய் 4 செ.மீ. விரிந்த நிலையில் தொடங்குகிறது. 2018 இல் உலக சுகாதார நிறுவனம் செயற்பாட்டுக் கட்டத்தின் தொடக்கத்தை 5 செ.மீ. என்று வைத்தது; 2020 இல் வெளியிட்ட புதிய பிரசவப் பராமரிப்புத் தாளும் அப்படியே. உங்கள் விடுதியில் எந்தத் தாள் இருந்தாலும், 2 அல்லது 3 செ.மீ. உள்ள தாயைத் தாளில் ஏற்றாதீர்கள். அவருடைய நோவு பொய்யல்ல, ஆனால் அந்தக் கட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கலாம் என்பதற்கு வரையறுத்த அளவு கிடையாது. ஏற்றினால் நான்கு மணித்தியாலத்தில் கோடு தாண்டும். தாண்டினால் மருந்து ஏறும். தேவையில்லாமல் தொடங்கிய மருந்து பல நேரம் தியேட்டரில் போய் முடியும்.

புதிய தாளில் சாய்கோடு இல்லை. மணிக்கு ஒரு செ.மீ. என்ற வேகம் எல்லாப் பெண்ணுக்கும் பொருந்தாது என்று தெரிந்தபின் அதை எடுத்துவிட்டார்கள். பதிலாக ஒவ்வொரு செ.மீ. இற்கும் தனிக் கடிகாரம்: 5 செ.மீ. இல் 6 மணித்தியாலம், 6 இல் 5, 7 இல் 3, 8 இல் இரண்டரை, 9 இல் 2. அந்த அளவை எட்டியும் மாற்றம் இல்லையென்றால் எச்சரிக்கை. இங்கேதான் பல இடங்களில் கணக்குப் பிசகுகிறது. உள்பரிசோதனை வழக்கமாக 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. காலை 10 மணிக்கு 7 செ.மீ. கண்ட தாயை வழக்கப்படி 2 மணிக்குப் பார்த்தால், 1 மணிக்கே எட்டியிருந்த எச்சரிக்கை ஒரு மணித்தியாலம் பிந்தித் தெரியவரும். 9 செ.மீ. என்றால் இரண்டு மணித்தியாலம் பிந்தும். ஆகவே 7 அல்லது அதற்கு மேல் கண்டவுடனேயே அடுத்த பரிசோதனை எத்தனை மணிக்கு என்று தாளின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். அதற்காக மணிக்கொரு தடவை விரல் விடச் சொல்லவில்லை. பன்னீர்க்குடம் உடைந்த தாய்க்கு ஒவ்வொரு உள்பரிசோதனையும் கிருமித்தொற்றுக்கு ஒரு வாய்ப்பு. இடையில் வயிற்றைத் தொட்டுப் பார்த்து அறிய வேண்டியதை அறிந்துகொள்ளலாம்.

விரல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் 6 என்பார், அடுத்தவர் 5 என்பார். இரண்டு பேரும் திறமைசாலிகள்தான், ஒரு செ.மீ. வித்தியாசம் கையின் இயல்பு. ஷிப்ட் மாறும் வேளையில் 'வாய் சுருங்கிவிட்டது' போலத் தாள் காட்டுவது இதனால்தான். முடிந்தவரை அதே ஆள் பார்க்கட்டும். முடியாவிட்டால் பார்த்தவரின் கையொப்பம் ஒவ்வொரு குறிக்கும் கீழே இருக்கட்டும்.

குழந்தையின் துடிப்புக்கு வருவோம். 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்குவது இன்றும் நடக்கிறது. சுருக்கம் இல்லாத நேரத்தில் கேட்பதும் நடக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எந்தக் குழந்தையும் நலமாகவே தெரியும். சுருக்கத்தின்போதே காதை வைத்து, அது விட்ட பிறகு குறைந்தது 30 செக்கன்வரை, மொத்தம் ஒரு முழு நிமிடமாவது கேட்கவேண்டும். சுருக்கம் உச்சத்தைத் தாண்டிய பிறகு விழுந்து, மெதுவாக ஏறும் துடிப்புத்தான் ஒட்சிசன் குறைவின் அடையாளம். அது ஓய்வு நேரத்தில் கேட்டால் அகப்படாது. 110 இற்குக் கீழ், 160 அல்லது அதற்கு மேல் என்றால் எச்சரிக்கை. இன்னொன்று: துடிப்பைக் கேட்கும் கைக்கருவியான டொப்ளரில் தாயின் நாடியே பிள்ளையின் துடிப்பாகக் கேட்கும். முக்கும் நேரத்தில் தாயின் நாடி 120, 130 வரை ஏறுவதால் மயக்கம் இன்னும் கூடும். ஒரு கை டொப்ளரில் இருக்கும்போது மறு கை தாயின் மணிக்கட்டில் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே தாளத்தில் ஓடினால் நீங்கள் கேட்பது பிள்ளையை அல்ல. துடிப்பையும் சுருக்கத்தையும் தாளில் பதியும் சீ.டீ.ஜீ. இயந்திரமும் இதே தவறைச் செய்யும். அதோடு, அதன் வயிற்றுப் பட்டி சுருக்கம் எத்தனை தடவை வந்தது என்று சொல்லுமே தவிர எவ்வளவு வலுவானது என்று சொல்லாது. மெலிந்த தாயில் மலையாகவும் பருத்த தாயில் மேடாகவும் கோடு வரும். கைதான் அளவு.

தாளில் எங்கள் அனுபவத்தில் அதிகம் வெறுமையாகக் கிடக்கும் வரிசை தலை இறங்கும் வரிசை. அதுவே தாளின் உயிர். அடிவயிற்றின் கீழே முன்பக்கம் இருக்கும் பூப்பென்புக்கு மேலே குழந்தையின் தலை எத்தனை ஐந்தில் கைக்கு அகப்படுகிறது என்பதுதான் கேள்வி. ஐந்து விரலும் பிடித்தால் 5/5, தலை முழுதும் மேலே; ஒன்றும் அகப்படாவிட்டால் 0/5. இதை விட்டுவிட்டு உள்பரிசோதனையில் தலை எவ்வளவு தூரம் வந்தது என்பதை மட்டும் எழுதுவார்கள். நீண்ட பிரசவத்தில் தலைத் தோல் வீங்கிக் கீழே வழியும். விரல் தொடுவது அந்த வீக்கத்தை. உள்ளே 'தலை நன்றாக இறங்கிவிட்டது', வெளியே கை வைத்தால் இன்னும் 3/5 மேலே. இந்த இரண்டும் முரண்படும் இடத்தில்தான் வலுக்கட்டாயமாக முக்கவைப்பதும், தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் வெக்கியூம் போட்டுக் கழன்று விழுவதும் நடக்கின்றன. வாய் முழுதாக விரிந்தது என்பது கதவு திறந்ததற்குச் சமன். ஆள் வாசலுக்கு வந்துவிட்டாரா என்பது வேறு கேள்வி.

அதற்குப் பக்கத்திலேயே மோல்டிங், அதாவது அழுத்தத்தில் குழந்தையின் தலை வடிவம் மாறுவதைக் குறிக்கும் வரிசை. மண்டையோட்டு எலும்புகளுக்கு இடையில் பொருத்து விரலுக்குத் தெரிந்தால் 0. எலும்புகள் முட்டி நின்றால் +. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அழுத்தினால் விலகினால் ++. ஏறி, அழுத்தியும் விலகாவிட்டால் +++. மோல்டிங் தனியாக எதையும் சொல்லாது. தலை இறங்கும் வரிசையோடு சேர்த்துப் படிக்கவேண்டும். தலை 1/5, மோல்டிங் ++ என்றால் குழந்தை இடுக்கில் வளைந்து வருகிறது. தலை 3/5 இலேயே நிற்க மோல்டிங் + இலிருந்து +++ ஆகிறது என்றால் வழி போதவில்லை.

'6 செ.மீ., நான்கு மணித்தியாலமாக மாற்றமில்லை' என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் இரண்டு எதிரெதிர் நிலைமைகள் ஒளிந்திருக்க முடியும். ஒன்றில், பத்து நிமிடத்துக்கு 2 சுருக்கம், 25 செக்கன், மோல்டிங் 0, பன்னீர் தெளிவு, வலு போதவில்லை. குடத்தை உடைப்பதோ ஒக்ஸிடோசின் ஏற்றுவதோ உதவக்கூடும். மற்றதில், 10 நிமிடத்துக்கு 4 சுருக்கம், 50 செக்கன், மோல்டிங் +++, தலை அசையவில்லை; அடைப்பு. அந்தத் தாய் ஏற்கெனவே இரண்டு மூன்று பிள்ளை பெற்றவர், அல்லது முன்பு சிசேரியன் செய்தவர் என்றால், ஒக்ஸிடோசின் கருப்பையைக் கிழிக்கும் மருந்தாகிவிடும். செ.மீ. மட்டும் கேட்டு மருந்து சொல்லும் தொலைபேசி அழைப்பு இந்த இரண்டையும் பிரித்தறியாது.

அந்த அழைப்பைப் பற்றி, குறிப்பாகத் தனியார் பக்கத்துக்கு. இரவில் நிபுணரை எழுப்பினால் வரும் முதற்கேள்வி 'எத்தனை செ.மீ.?' இரண்டாவது கேள்வி பல நேரம் வருவதே இல்லை. கேள்விக்குக் காத்திராமல் தாளைப் பார்த்து இப்படி வாசிக்க எல்லோரையும் பழக்குங்கள்: 'சேர், முதற்பிரசவம், 39 வாரம். பத்து மணிக்கு 6 செ.மீ., இரண்டு மணிக்கும் 6. தலை மேலே 3/5, மாறவில்லை. மோல்டிங் ++. பன்னீர் தெளிவு. துடிப்பு 148, சுருக்கத்துக்குப் பிறகு விழவில்லை. பத்து நிமிடத்துக்கு 2 சுருக்கம், 30 செக்கன். நாடி 96, பிரஷர் 120/80. மூன்று மணிக்கு எச்சரிக்கை அளவு எட்டும். வந்து பார்க்கவேண்டும், எத்தனை மணிக்கு வருவீர்கள்?' அரை நிமிடம்கூட ஆகாது. கடைசிக் கேள்வியும் அதற்கான பதிலும் நேரத்தோடு தாளில் எழுதப்படவேண்டும். சிலருக்கு அது பிடிக்காது. பிடிக்காமல் இருக்கட்டும்.

ஒக்ஸிடோசின் வரிசையில் 'துளி/நிமிடம்' என்று மட்டும் எழுதுவது அரைத் தகவல். உதாரணமாக 500 மி.லீ. சேலைனில் 5 அலகு கலந்தால் ஒரு மி.லீ. இல் 10 மில்லி அலகு. மி.லீ. இற்கு 20 துளி விடும் செட்டில் நிமிடத்துக்கு 6 துளி என்பது 3 மில்லி அலகு. அதே 6 துளி, 15 துளி செட்டில் 4 மில்லி அலகு: மூன்றில் ஒரு பங்கு கூட. ஸ்டோர்ஸில் இருந்து வரும் செட் மாறும் மாதத்தில் இதை யாரும் அறிவிப்பதில்லை. பம்ப் இல்லாத விடுதியில் தாய் கையை மடித்தாலும், கட்டிலை உயர்த்தினாலும், ஒருக்களித்துப் படுத்தாலும் துளி மாறும். ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் முழு நிமிடம் எண்ணவேண்டும். 10 நிமிடத்தில் 5 இற்கு மேற்பட்ட சுருக்கம், அல்லது ஒரு சுருக்கம் 60 செக்கனுக்கு மேல் என்றால் யாரிடமும் கேட்காமல் மருந்தை நிறுத்தி, தாயை இடப்பக்கம் திருப்பி, பிறகு டொக்டரை அழைக்கும் அதிகாரம் மருத்துவமாதுக்கும் தாதிக்கும் எழுத்தில் இருக்கவேண்டும். அழைத்த பிறகுதான் நிறுத்துவது என்ற ஒழுங்கு உள்ள விடுதியில் அந்த இடைவெளியைக் குழந்தைதான் தாங்குகிறது.

பன்னீரின் நிறம், சலத்தில் புரதமும் அசிற்றோனும், வெப்பநிலை, குருதி அமுக்கம்: இவை பொதுவாக ஒழுங்காகவே எழுதப்படுகின்றன. நிரம்பிய சலப்பை தலை இறங்குவதைத் தடுக்கும் என்பதை மட்டும் நினைவூட்டுவோம். 'தாமதம்' என்று எழுத முன் தாய் கடைசியாக எப்போது சலம் போனார் என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்பது. புதிய தாளின் இரண்டாவது பகுதி முழுவதும் கேட்டால்தான் நிரம்பும்: துணைக்கு ஆள் உண்டா, நோவைத் தணிக்க ஏதாவது வேண்டுமா, குடித்தாரா, எப்படிப் படுத்திருக்கிறார் அல்லது நடக்கிறார். கடைசிப் பகுதி தாயோடு பேசி எடுத்த தீர்மானம். கொழும்பின் பிரசவ அறைகளில் கிராண்ட்பாஸ், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மாளிகாவத்தைத் தாய்மாரிடம் இவை பெரும்பாலும் சிங்களத்தில் கேட்கப்படுகின்றன. நோவின் நடுவே ஒருவர் இரண்டாம் மொழியில் விவரம் சொல்லமாட்டார், தலையாட்டுவார். 'வத்துர கியாத?' (தண்ணீர் போயிட்டுதா?) என்றால் ஒரு தலையாட்டல். எப்போது உடைந்தது? இன்னொரு தலையாட்டல். வந்த நேரமே உடைந்த நேரமாகத் தாளில் விழும். உண்மையில் முதல்நாள் மாலையே நீர் போயிருந்தால் 18 மணித்தியாலம் தாண்டியிருக்கும், குழந்தைக்குத் தொற்று ஆபத்துக் கூடியிருக்கும், நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்பட்டிருக்கும். தாள் ஒன்றும் காட்டாது.

இதற்கு மொழிபெயர்ப்பாளர் பதவி உருவாக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத் தாள் போதும்: பத்துக் கேள்விகள், தமிழ் ஒலியைச் சிங்கள எழுத்தில் எழுதி, அருகே சிங்களப் பொருள். 'தண்ணி போயிட்டுதா? நேற்றா, இன்றைக்கா, எத்தனை மணிக்கு?' 'பிள்ளை துடிக்குதா?' 'தலையிடிக்குதா, கண் மங்குதா?' 'முக்கவேணும் போல இருக்கா?' 'முதல் பிள்ளை ஒப்பரேஷனா?' கண் மங்குகிறது என்பதை ஒரு தாய் சொல்லி யாரும் விளங்கிக்கொள்ளாமல் போனால், குருதி அமுக்கம் உயர்ந்த தாய்க்கு வலிப்பு வரும்வரை அது தெரியாது. பதில் ஆம், இல்லை, அல்லது விரலால் காட்டும் எண்ணாக இருக்கும்படி கேள்விகளை அமைத்தால் சிங்களம் மட்டும் தெரிந்த மிஸ்ஸியும் (தாதியும்) சமாளிப்பார்.

துணைக்கு ஒருவரை விடுவதும் இதே காரியத்துக்கு உதவும். திறந்த விடுதியில் கணவனை விட முடியாது என்பது சரிதான். கட்டிலுக்குக் கட்டில் திரை வரும்வரை அம்மா, மாமி, அக்கா யாராவது ஒரு பெண்ணை விடலாம். அவர் மொழியும் பெயர்ப்பார், முதுகும் தடவுவார், 'மிஸ்ஸி, இவவுக்கு ஏதோ வித்தியாசமா இருக்கு' என்று எங்களுக்கு முன்னரே கூப்பிடுவார். கட்டிலில் மல்லாக்கப் படுத்தே கிடக்கும் தாயை எழுந்து நடக்கவும் அவரே வைப்பார். மல்லாக்கப் படுப்பதையும் புதிய தாள் எச்சரிக்கையாகவே குறிக்கிறது. கருப்பையின் பாரம் பெருநாளத்தை அமுக்கிக் குழந்தைக்குப் போகும் குருதியைக் குறைக்கும்.

இடைவெளியை எண்ணச் சொல்கிறோம் என்றால் நேரம் சரியாக இருக்கவேண்டும். சுவர்க் கடிகாரம் ஒன்று, சீ.டீ.ஜீ. தாளில் அச்சாகும் நேரம் வேறு, ஆளுக்கொரு கைபேசி, தியேட்டர் பதிவில் இன்னொன்று. இருபது நிமிடம் முன்பின்னாக ஓடும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு எதையும் எண்ண முடியாது. மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குத் திருப்புவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பொறுப்பு ஒப்படைக்கும் வேளைகளான காலை ஏழு, பகல் ஒன்று, இரவு ஏழு மூன்றிலும் தாளை மேசையில் அல்ல, கட்டிலடியில் இருவரும் சேர்ந்து வாசிக்கவேண்டும். 12.30 இற்குத் தெரிந்த எச்சரிக்கை 1.30 வரை யாருக்கும் சொந்தமில்லாமல் கிடப்பது அந்த இடத்தில்தான்.

ஆய்வை எப்படிச் செய்வது? மாதம் பத்துத் தாள் எடுங்கள். நல்ல முடிவு, கெட்ட முடிவு என்று பார்க்காமல், ஏதாவதொரு எச்சரிக்கை அளவைத் தாண்டிய தாள்களில் இருந்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நேரங்களைக் குறியுங்கள்: அளவு தாண்டிய நேரம், அதை ஒருவர் கண்ட நேரம், சொல்லப்பட்ட நேரம், டொக்டர் கட்டிலுக்கு வந்த நேரம், தீர்மானம் நடைமுறைக்கு வந்த நேரம். எந்த இரண்டுக்கும் இடையில் பெரிய ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் உங்கள் விடுதியின் நோய். முதல் இரண்டுக்கும் இடையில் என்றால் ஆள் போதாது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் என்றால் சொல்லப் பயம். அந்த விடுதியில் யாரோ சத்தம் போடுகிறார்கள். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் என்றால் டொக்டர்மாரின் ரோஸ்டர். கடைசியில் என்றால் தியேட்டரும் மயக்கமருந்தும் குருதியும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, பொறுப்பானவர் வேறு. கட்டங்களை எண்ணினால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வருகிறது: மருத்துவமாது ஒழுங்காக எழுதவில்லை.

ஆய்வுக் கூட்டத்தில் அந்தத் தாளை எழுதியவர் உட்கார இடம் இருக்கட்டும். விளக்கம் கேட்க அல்ல. தாளில் இல்லாத ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இதைத் தொடங்கப் புதிய சுற்றறிக்கையோ நிதி ஒதுக்கீடோ தேவைப்படாது. இந்த மாதத்துப் பத்துத் தாளை எடுத்து, ஐந்து நேரங்களையும் எழுதி, கிடைத்ததை விடுதியின் அறிவிப்புப் பலகையில் பெயர்களில்லாமல் ஒட்டிவிடுங்கள். கேள்வித் தாளைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும், அதைச் சிங்கள எழுத்தில் சரிபார்க்கவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கொழும்பின் பிரசவ அறைகளில் பணிபுரியும் தமிழ் பேசும் மருத்துவமாதுகளும் தாதியரும் சிலர்